வயிறு முட்டாத பூச்சிகள்

ஆய்வுக்கூடத்தில் அவள் வளர்த்த ரத்தம் குடிக்கும் பூச்சிகள் மூன்று மாதமாகியும் தோல் உரிக்கவில்லை. சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், விளக்கை மாற்றினாள், வீட்டில் கணவன்மேல் எரிந்து விழுந்தாள். ஒரு பலனும் இல்லை.

ஒருநாள் சீக்கிரம் வந்தபோது, உதவியாளர் ரத்தத் தட்டை வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, அதுக்குள்ள எடுத்துட்டீங்க?”

“தினமும் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கிறேம்மா. ஒரேயடியா குடிச்சா வயிறு வீங்கிடுது, பாவம்.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “வீங்கணும்ணே. வயிறு விரிஞ்சாத்தான் மூளைக்குச் சேதி போகும். அப்புறம்தான் ஹார்மோன் சுரந்து தோல் உரியும்.”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

அவள்தான் சொல்லவில்லை.

அன்று வயிறு முட்டக் கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் அவர் ஒரு வெற்றுத்தோலை ஏந்தி வந்தார்.

“செத்துப்போச்சும்மா.”

அவள் பெருமூச்சு விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து விளக்க உட்கார்ந்தாள்.