கடைசிக் குழாயில் இளஞ்சிவப்பு

என் மனைவிக்குத் தண்ணீரின் மேல் நம்பிக்கையே கிடையாது. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போன வீட்டில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து என் மானத்தை வாங்கியவள். எல்லாம் தொழில் புத்தி. ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் சுத்தம் செய்து கொடுக்கிற பொறியாளர் அவள். நான் பஸ் ஓட்டுகிறவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் அதே பிரிவில் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறேன். ஆக, என் ரத்தத்தைக் கழுவுகிற தண்ணீர் என் மனைவியின் கைவேலை. ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். அன்றைக்குக் காலையில் மட்டும் அவளைக் கரித்துக் கொட்டினேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் பிரிவில் தொல்லை. ரத்தம் மெஷினுக்குள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வெடவெடவென்று நடுங்கினோம். பின்னாலேயே காய்ச்சல். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. மருந்து ஊற்றிக் குழாயையெல்லாம் கழுவினாள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடியும் நடுக்கம். கடைசியில் டாக்டரம்மா மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஓசோன் மெஷின் ஒன்றை வரவழைத்தார்.

பார்க்க ஒரு சின்ன பீரோ மாதிரிதான் இருந்தது. ஆக்சிஜனை உள்ளே இழுத்து, மின்சாரத்தால் உலுக்கி ஓசோன் ஆக்கும். மின்னல் அடித்த பிறகு காற்றில் ஒரு வாடை வருமே, அந்த வாயுதான். அதைத் தண்ணீரில் கலந்து குழாய் முழுக்கச் சுற்றவிட்டால் கிருமியின் மேல்தோலைக் கிழித்துப் போட்டுவிடும். அப்புறம் தானாகவே பழையபடி ஆக்சிஜன் ஆகிவிடும்.

"வேலையை முடிச்சிட்டு, ஒரு வாய் காப்பிகூட கேக்காம கிளம்பிப் போற விருந்தாளிங்க அது" என்று முந்தின நாள் வீட்டில் கண்கள் மின்னச் சொன்னாள். என்னைப் பற்றி அவள் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

மறுநாள் காலை ஓசோனின் முதல் ஓட்டம். நாங்கள் எல்லோரும் நடைபாதையில் காத்திருந்தோம். என் நிலைமை மோசம். முந்தின தடவை நடுக்கம் வந்து பாதியில் கழற்றிவிட்டதால் கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது இரண்டே இடம். என்னைவிடத் துவண்டு போயிருந்த இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். மற்ற இடங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாயிற்று. டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே இவளிடம் சொன்னார்:

"பொட்டாசியம் ஏறிட்டே போகுது. மருந்து குடுத்து சாயங்காலம் வரைக்கும் தாங்க வைக்கறேன். அதுக்கு மேல இதயம் என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள எனக்குத் தண்ணி வேணும்."

இவள் தலையாட்டிவிட்டு, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளோடு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் தெரிந்தது. குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விடுவாள். ஓசோன் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். முதல் நாற்காலிக் குழாயில் பளிச்சென்று மாறியது. கடைசி நாற்காலிக் குழாயில் அப்படியே வெறும் தண்ணீர். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். ஒன்றும் இல்லை.

"கடைசி வரைக்கும் போகல. நடுவுல எதுவோ ஓசோனைத் தின்னுது. இன்னைக்கு யாரையும் இணைக்கக் கூடாது" என்றாள்.

நான் நடைபாதையிலிருந்தே கெஞ்சினேன்.

"முதல் குழாய்லதான் நல்லா வந்துச்சே. என்னை மட்டும் அங்க போட்டுடேன்."

"அது வளையம்ங்க. கடைசிக் குழாய்ல இருக்கற அழுக்கு சுத்தி முதல் குழாய்க்குத்தான் வரும்."

"நான் உன் புருஷன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன்."

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவளைத் தூக்கி வளர்த்த என் மாமனாரையும் விடவில்லை, பாவம், எனக்குப் பெண் கொடுத்ததைத் தவிர அந்த மனிதர் ஒரு தப்பும் செய்ததில்லை. அவள் அடுத்த குப்பியை எடுத்தாள்.

அங்கேதான் அவளும் அந்த வாயுவும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தார்கள். பழைய மருந்து ஊற்றும்போது அது எங்கே தோற்றது என்று யாருக்கும் தெரியாது. ஓசோன் அப்படியில்லை. எங்கே சண்டை நடக்கிறதோ அங்கே தீர்ந்துபோகும். அவள் ஒவ்வொரு குழாயாகப் பிடித்துப் பார்த்தாள். இரண்டாவதில் சிவப்பு, மூன்றாவதிலும் சிவப்பு. நான்காவதில் வெளிறிவிட்டது. அதற்கப்புறம் சிவப்பே இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சுவரில் டிவி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க முன்னாடி ஒரு நாற்காலி இருந்துச்சே?" என்று கேட்டாள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு வானொலி என்று பெயர். வாயை மூடமாட்டார். அவர்தான் சொன்னார். "டிவி மறைக்குதுன்னு நாங்கதான் மேடம் அதை எடுக்கச் சொன்னோம். உங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஊசி போடறதுக்காகக் கையில ஆபரேஷன்னு நீங்க லீவுல இருந்தீங்கல்ல, அப்ப. பிளம்பர் வந்து குழாயை அடைச்சிட்டுப் போனாரு."

மேட்ச் பார்க்க வேண்டும் என்று வானொலியோடு சேர்ந்து நாங்கள் அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நின்றது உண்மைதான்.

பிளம்பரை வரவழைத்து, டிவியை இறக்கி, பின்னாலிருந்த பலகையைக் கழற்றினார்கள். பெரிய குழாயிலிருந்து கிளைத்து, எங்கும் போகாமல் நுனி அடைபட்டு நின்றது ஒரு சாண் குழாய். அதற்குள் போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. பிளம்பர் அறுத்து எடுத்துக் கொடுத்ததும் இவள் கையுறை விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி நூல் நூலாக வந்தது.

"மருந்து ஊத்தினப்பல்லாம் மேலாக்க இருக்கறது மட்டும் செத்திருக்கு. அடியில இருக்கறது மறுபடி பெருகி வந்துடுச்சு" என்றாள். அவள் முகத்தில் வெற்றிக் களையெல்லாம் இல்லை, சாப்பாட்டில் முடி கிடந்தால் வருகிற முகம்தான்.

குழாயை நேராக இணைத்து, அறையைப் பூட்டி, மறுபடியும் ஓசோனை ஓடவிட்டாள். எனக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயில் சன்னலை விட்டு இறங்கியது. அவள் குப்பிகளோடு உள்ளே போனபோது மூச்சு வாங்கினாலும் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்காவது சிவந்தது. ஐந்தாவதும் சிவந்தது. கடைசிக் குழாயில் ஒரு சொட்டு விட்டாள். ரோஜா நிறம் குப்பி முழுக்கப் பரவியது. நான் பார்த்த நிறங்களிலேயே அழகான நிறம் அதுதான்.

"அப்ப ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"இந்தச் சிவப்பு போகணும். அது கிருமியைத்தான் கொல்லும்னு நினைக்காதீங்க. உள்ள போனா உங்க ரத்தத்தையும் சும்மா விடாது."

காத்திருந்தோம். வாயு அவள் சொன்னபடியே கிளம்பிப் போயிற்று. எல்லாக் குழாயிலும் சிவப்பு போனதை உறுதி செய்துகொண்டு, பழைய தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, செத்த கிருமியின் விஷம் மிச்சம் இருக்கிறதா என்றும் சோதித்தாள். இல்லை. டாக்டரம்மா அந்தச் சோதனையைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"யாரு முதல்ல?" என்று நர்ஸ் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. ஒரு வாரம் நடுங்கிய உடம்புகள். வானொலிகூடத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரைப் போடுங்க" என்றாள் என் மனைவி.

காலையில் கெஞ்சியவனுக்கு இப்போது பயம் வந்தது. அவளைப் பார்த்தேன். காலையில் புருஷன் என்பதற்காக என்னை முதலில் விடாதவள், இப்போது புருஷன் என்பதற்காகவே முதலில் விடுகிறாள். என் தண்ணீரை நம்புங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல அவளிடம் வேறு என்ன இருக்கிறது? கையை நீட்டினேன்.

ரத்தம் ஓட ஆரம்பித்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முழங்கை மேல் கையை வைத்துக்கொண்டாள். நடுக்கம் வர வேண்டிய நேரம் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த நேரமும் தாண்டிப் போனது. அப்போதுதான் கவனித்தேன், என் கை அப்படியே இருந்தது, அதன் மேல் இருந்த அவள் கைதான் நடுங்கியது.

"சிஸ்டர், இங்க நடுக்கம் வந்திருக்கு. ஒரு கம்பளி குடுங்க" என்றேன்.

"யாருக்கு? உங்களுக்கா?" வானொலி பதறி எழுந்தார்.

"எனக்கில்ல. இவளுக்கு."

அத்தனை பேர் முன்னாலும் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வானொலி ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ஏறிப் படுத்துக் கையை நீட்டினார்.