திருப்பி மாட்டிய பிரேக் பேட்

1

இந்தக் கதை வண்டி தூக்கும் ஒரு ஜாக்கியால் வந்தது. எதிர்வீட்டு பெர்னி ஹுடாக் வெள்ளிக்கிழமை மதியம், அரைநாள் விடுப்பில் வீட்டில் இருந்த என்னிடம் அதை இரவல் கேட்டு வந்தாள். தன் வீட்டு ஜாக்கியை எடுத்தால் கணவனுக்குத் தெரிந்துவிடும் என்றாள். பென்சில்வேனியாவின் இந்த மலைத்தெருவுக்கு நான் குடிவந்து பத்தொன்பது வருடம். யாருக்கு என்ன வேண்டும், ஏன் என்று துருவுகிற வழக்கம் இங்கே இல்லை. கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், கூடவே போய் நின்றேன்.

2

முதல் தொடக்கம்: "பெர்னிக்கு ஞாயிற்றுக்கிழமையே சந்தேகம் வந்துவி—"

வேண்டாம். ரூடியைச் சொல்லாமல் அவள் சந்தேகத்தைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது தொடக்கம்: ரூடி ஹுடாக் உருக்காலையில் முப்பத்தாறு வருடம் உழைத்தவர். காது கேட்பதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வுபெற்றார். பிரேக் தேய்ந்ததற்கெல்லாம் மெக்கானிக்கிடம் போவது எங்கள் தெரு ஆண்களுக்கு மானக்கேடு. (பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தால் போதும். பெர்னி நாற்பது வருடம் பிடித்திருக்கிறாள்.) அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை வாசலிலேயே வண்டியைத் தூக்கி, முன் பிரேக் பேட் நான்கையும் ரூடி மாற்றினார். அன்று பார்த்து பெர்னி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாளிலிருந்து பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வண்டி கரகரவென்று அரைத்தது.

"யோவ் கிழவா, அரைக்குதுய்யா."

"புதுசு அப்படித்தான் கத்தும். படிஞ்சிடும்."

"உனக்குக் கேக்குதா மொதல்ல?"

"கேக்காம என்ன?"

கேட்கவில்லை. அந்த வண்டியில்தான் தினமும் காலையில் தெருக்குழந்தை ஒருத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். செங்குத்தான இறக்கம், முடிகிற இடத்தில் ரயில் பாதை.

3

கிறிஸ்தவர்கள் இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளிகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் பொரித்து விற்பார்கள். ரூடி நடந்தே போய் மதியம் எண்ணெய்ச்சட்டி முன்னால் நின்றால் இரவு எட்டுக்குத்தான் நகர்வார். அந்த இடைவெளியைத்தான் பெர்னி பிடித்தாள்.

தெருமுனை வரை ஓட்டித் திரும்பி வந்து, முன்சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாள். இடது பக்கம் இளஞ்சூடு. வலது பக்கம் தோசைக்கல். (தோசைக்கல் நான் போட்டது. அவள் சொன்னது "அடுப்பு".) சக்கர இடுக்கு வழியே பார்த்தால் வெளிப்பக்கப் பேட் புத்தம் புதிதாக இருந்தது. நானாக இருந்தால் அங்கேயே திருப்தியாகி எழுந்திருப்பேன்.

அவள் வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பிறகு தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தாள். சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பரைப் பிரித்து, எண்ணெய்க்குழாய் இழுபடாமல் கம்பியில் தொங்கவிட்டாள். உள்பக்கப் பேட் திருப்பி மாட்டியிருந்தது. அதன் இரும்பு முதுகு டிஸ்க்கை ஆறு நாளாக உழுதிருந்தது.

இந்த இடத்தில் முதலில் அவளை அழவைத்து எழுதினேன். பொய். அவள் அழவில்லை. பேட்டை என்னிடம் நீட்டினாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க," என்றேன்.

"சறுக்கட்டும். அது மேல உன் பொண்ணுல்ல உக்காந்திருக்கா?"

ஆமாம். தெருக்குழந்தை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அவள் என் மகள் எழில்தான். நானும் மனைவியும் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். மூன்று வருடமாக ரூடிதான் கொண்டுபோய் விடுகிறார். வெறும் ஜாக்கிக்காரனாக ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

கடைக்கு ஓடி இரண்டு பக்கத்துக்கும் டிஸ்க்கும் பேட்களும் வாங்கி வந்தேன். அவள் பேட்டை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளி, காலிப்பர் நகரும் பின்களுக்கு கிரீஸ் தடவி, பேட்களை முகம் பார்த்து மாட்டினாள். சக்கரங்களைப் பூட்டியதும் உள்ளே உட்கார்ந்து, கல்லாகும் வரை பெடலை மிதித்தாள். (அதை மறந்தால் முதல் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.)

4

ஒரு முடிவு: பழைய பேட் என் குப்பைத்தொட்டிக்குப் போகிறது, ரூடிக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அன்று மீன் ஐந்தரைக்கே தீர்ந்துவிட்டது.

எண்ணெய் வாடையோடு வந்தவர், வாசலில் விரித்த காகிதத்தில் கிடந்த பழைய பேட்டை எடுத்துப் புரட்டினார்.

"எந்த மடையன் இதத் திருப்பி மாட்டுனான்?"

மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா? இந்த வரியை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் அவர் முகம்—

பெர்னி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள், அவருக்குக் கேட்கும்படி. "அரைக்குதேன்னு கழட்டி மாட்டிப் பாத்தேன். சொதப்பிட்டேன்."

"அதானே. இனிமே என் வண்டியில கை வைக்காத. எதுன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"சரி."

அவர் உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாள்.

"நீ எதுவும் சொல்லிடாத. வண்டியும் போச்சுன்னா வீட்டுக்குள்ளயே கெடந்து செத்துடுவான்."

5

சாவியை ஒளித்துவைக்கிற முடிவு ஒன்று எழுதினேன். நானே அவரிடம் சொல்லிவிடுகிற முடிவும் எழுதினேன். இரண்டிலும் ரூடி சோபாவில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன். அந்த மனுஷன்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

இன்று திங்கள், மணி ஆறு ஐம்பது. பிரேக் நன்றாகப் பிடிக்கும். அதற்கு நான் சாட்சி. ஓட்டுகிறவருக்கு யார் சாட்சி? எதிரே வண்டி கிளம்பிவிட்டது. ஜன்னலில் பெர்னி நிற்கிறாள்.

"அப்பா, ரூடி வந்தாச்சு. போகட்டுமா?"

எழில் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறாள். நான் பதில் எழுதவில்லை. உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், அவர் ஹாரன் அடிக்கிறார்.