வண்டி அச்சின் இருபது நிமிடங்கள்

வேணுகோபால் அரியலூரில் மைக் செட்டு வாடகைக்கு விடுபவர். அவர் ஓர் இசையமைப்பாளர் என்பது ஊருக்குத் தெரியாது. வீணையையோ ஆர்மோனியத்தையோ அவர் தொட்டதில்லை. ஒலிகளை நாடாவில் பதிவுசெய்து, சவர பிளேடால் நறுக்கி ஒட்டி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இசையாக்குவார். எட்டு ஆண்டு உழைப்பில் விளைந்தது ‘அச்சு’: எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் மாட்டுவண்டியின் கிறீச்சொலி ஒன்றையே கொண்டு கட்டிய இருபது நிமிட இசை.

அதைக் கெடுத்துக்கொண்டவரும் அவரே. இரண்டாயிரமாம் ஆண்டில், உடையார்பாளையத்தில் சின்னதுரை என்ற இளைஞனின் தகப்பனார் இறந்தபோது, ஒப்பாரி கேசட்டின் நாடா சிக்கிக்கொண்டது. சாவு வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் ஊமையாக இருக்கலாகாதே என்று, கைக்கு அகப்பட்ட ‘அச்சை’ப் போட்டார். வேகம் குறைத்த கிறீச்சொலி, நூறு பெண்கள் கூடிக் கேவுவதுபோல் பந்தலை நிறைத்தது. சனம் கதறியது. அன்று முதல் அது ‘அழுவுற கேசட்டு’. அது ஒலிக்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு பாடையும் நகர்வதில்லை.

மூன்றாண்டு கழித்து, தை மாதத்தில், அவர் அனுப்பியிருந்த ‘அச்சை’த் தேர்ந்தெடுத்திருப்பதாகப் பெங்களூரு இசை விழாவிலிருந்து கடிதம் வந்தது. அரங்கின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்து, இயற்றியவரே உடனிருந்து இயக்க வேண்டும். வராவிட்டால் ‘அச்சு’ இடம்பெறாது. அழுவதற்கன்றிக் கேட்பதற்கென்றே மனிதர்கள் உட்காரப் போகிறார்கள்! வேணுகோபால் கடிதத்தை நான்கு முறை படித்தார்.

புறப்பட வேண்டிய நாள் காலையில், சின்னதுரை வாசலில் நின்றான்.

“அண்ணே, அம்மா போயிருச்சுண்ணே.”

“அடடா... தம்பி, கேசட்டு தரேன். நம்ம கடைப் பையன் ராஜராஜன் செட்டு கட்டிக் குடுப்பான். எனக்கு நாலு மணிக்கு ரயிலு.”

“அப்பாவுக்கு நின்ன கைதானேண்ணே அம்மாவுக்கும் நிக்கணும்? வேற ஆளு கட்டுனா, செட்டுக்காரரோட என்ன பகைன்னு பங்காளிங்க கேப்பாங்க.”

உள்ளிருந்து மனைவி தேவயானி வந்தாள். “நீங்க ரயிலுக்குக் கெளம்புங்க. ஏசுறவங்க என்னை ஏசட்டும். எட்டு வருஷமா அந்தக் கிறீச்சைக் கேட்டு என் காது போனதுக்காச்சும் போயிட்டு வாங்க.”

வழி திறந்துதான் இருந்தது. ஆனால் சாவு வீட்டிலிருந்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்பிய பழக்கம் அவருக்கில்லை.

“மூணு மணிக்குள்ள எடுத்துருவீங்கல்ல?”

“ரெண்டுக்கே எடுத்துருவோம்ணே.”

இரண்டுக்கு எடுக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வராமல் எடுக்கக் கூடாது என்றார்கள். கோடி கொண்டுவர வேண்டிய, இறந்தவளின் தம்பி விருத்தாசலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வேணுகோபால் கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டார்.

“ஏப்பா வேணு,” என்றார் பெரியவர் அய்யாக்கண்ணு, “எத்தனை பொம்பளைங்களைக் கூட்டிவச்சு அழவுட்ட?”

“அது வண்டி அச்சுங்க.”

“அப்ப மொதல்ல எண்ணெயப் போடுய்யா!”

பந்தல் சிரித்தது, உடனே அடுத்த கேவலுக்கு அழுதது.

நான்கு மணி கடந்தது. ‘அச்சின்’ பதினான்காம் நிமிடத்தில் ஒலி பிளிறியது. வேணுகோபால் குமிழைத் திருகித் திருத்தினார். அந்தத் திருத்தத்தை அங்கே ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

பாடை எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சின்னதுரை அவருடைய கையைப் பற்றினான்.

“அண்ணே, பதினாறாம் நாள் கருமாதிக்கும்...”

“வந்துடறேன் தம்பி” என்றார் வேணுகோபால், அவன் முடிப்பதற்குள்.