வெறும் தண்ணீரில் எழுந்த மேடு

கிரேன் ஓட்டுநரின் சிறுநீரில் நிக்கோட்டின் இருந்தது. ஆய்வகத் திரையில் ஒரு சின்ன மேடாக அது எழுந்து இறங்குவதைப் பார்த்த ஆய்வாளருக்கு வருத்தம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“இவரும் புளுகுமூட்டைதான்,” என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைவழி பெஞ்சில் அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், காலடியில் சிலிண்டர், பக்கத்தில் மனைவி. அவருடைய நுரையீரல் இரண்டுமே வேலைக்கு ஆகாது. மாற்று நுரையீரலுக்கான பட்டியலில் அவரைச் சேர்ப்பதா என்று நாலு மணிக்கு மருத்துவர்கள் கூடி முடிவு செய்வார்கள். ஆறு மாதம் புகையிலையைத் தொட்டிருக்கக் கூடாது என்பது விதி. தொட்டிருந்தால் இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அவர் கையில் ஆறு மாதம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

காலையில் சிறுநீர்க் குப்பிகள் இரண்டைக் கொடுக்கும்போது மனைவி சொல்லியிருந்தாள்: “அவர் சட்டையைத் துவைக்கிறவ நான். ஒரு இழுப்பு இழுத்திருந்தாலும் எனக்குத் தெரியாதாம்மா?”

ஆய்வாளர் தலையாட்டினாள். இப்படிச் சொன்ன பல மனைவிகளை அவள் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, அவசரப்படாதீங்க,” என்றான் ஒல்லி. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. உடம்பைப் பார்த்து வைத்த பெயர், உண்மைப் பெயரை விழுங்கிவிட்டது. “கோட்டினின் எங்க?”

அவள் திரையை நகர்த்தினாள். கோட்டினின் வர வேண்டிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புகையோடு உள்ளே போகும் நிக்கோட்டினைக் கல்லீரல் சும்மா விடாது. உருமாற்றிக் கோட்டினின் ஆக்கும். நிக்கோட்டின் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். கோட்டினின் நாள் கணக்கில் இரத்தத்திலும் எச்சிலிலும் சிறுநீரிலும் சுற்றும். வந்த விருந்தாளி போன பிறகும் வீட்டில் கிடக்கும் எச்சில் தட்டு மாதிரி. தட்டு இருந்தால் ஆள் வந்திருக்கிறான். இங்கே ஆள் நிற்கிறான், தட்டைக் காணோம்.

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் மாற்று சிகிச்சைப் பிரிவு மருத்துவர்.

“இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நிக்கோட்டின் இருக்கு டாக்டர். கோட்டினின் இல்ல.”

“அப்போ இப்பதான் பிடிச்சிருக்கார். குப்பியோட கழிவறைக்குள்ள போனாரே, அங்க ஒன்னு பத்த வெச்சிருப்பார். உடம்பு இன்னும் மாத்தியிருக்காது.”

நடக்கக்கூடியதுதான். அவள் “சரி” என்று சொல்லப் போனாள்.

“ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?” என்றான் ஒல்லி, மெதுவாக. “நாம எல்லாரும் இந்நேரம் கூரை மேல இருந்திருப்போம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாயிலிருந்து “சரி” என்பதும் வரவில்லை. “நாலு மணிக்குள்ள சொல்றேன் டாக்டர்,” என்று வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும் ஒரு குப்பி சுத்தமான தண்ணீரும் இயந்திரத்துக்குள் போகும். மற்றக் குப்பிகளுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று இயந்திரம் சொன்னால்தான் மற்றவற்றைப் பற்றி அது சொல்வதை நம்பலாம். அதை முதலில் பார்க்க வேண்டும். இன்றைக்கு அவள் அதைத் தாண்டி நேராக ஓட்டுநரின் முடிவைத் திறந்திருந்தாள். என்ன வரும் என்று தெரியும் என்ற நினைப்பு.

இப்போது தண்ணீரைத் திறந்தாள்.

தண்ணீரிலும் அதே மேடு.

பெரிய நீச்சல் குளத்தில் ஒரு சிட்டிகை எதையாவது கரைத்தாலும் இந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அவ்வளவு கூர்மையானதற்கு ஒரு தொல்லை உண்டு: எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. புகைத்தவரின் விரலில், தலைமுடியில், துணியில் ஒட்டிய நிக்கோட்டின் ஒரு துளி விழுந்தாலும் போதும். கோட்டினின் அப்படி வராது. அதற்கு ஒரு உடம்பு வேண்டும்.

அவள் ஒல்லியைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அவன் வாசலுக்குப் போய் வருவது ஊரறிந்த விஷயம்.

“பார்க்காதீங்க அக்கா. நான் வெளிய போய்ட்டு வந்தா சட்டையைக் கூட மாத்துறேன். பொண்ணு பார்க்கப் போறவன்கூட அவ்வளவு சோப்பு போடமாட்டான்.”

“வேற யாரு? எங்க வீட்டுல யாரும் பிடிக்கிறதில்ல. மூணு வருஷமாச்சு, உங்க மாமா விட்டு.”

“சண்டை எதுக்கு? தண்ணியையே கேட்போம்.”

மூன்று குப்பிகளில் தண்ணீர் எடுத்தார்கள். ஒன்றை மேசையில் சும்மா திறந்து வைத்தார்கள். இன்னொன்றை ஒல்லி, மாதிரியைக் கையாள்வது போலவே திறந்து, குனிந்து, உறிஞ்சு குழாயால் எடுத்து, மூடினான். மூன்றாவதை அவள். மூன்றும் இயந்திரத்துக்குள் போயின. உள்ளே தலைமுடி கனமே உள்ள நீளக் குழாயில் எல்லாப் பொருளும் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஓடி, தனித்தனி நேரத்தில் வெளியே வரும். அந்த ஓட்டத்தை யாராலும் விரட்ட முடியாது. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியது. வெளியே ஓட்டுநர் இருமினார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இந்தக் கதவைப் பார்த்தாள்.

மேசைத் தண்ணீர்: படுத்த கோடு.

ஒல்லியின் தண்ணீர்: படுத்த கோடு. அவன் மூச்சை விட்டான்.

மூன்றாவதில் மேடு எழுந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கையுறை புதியது. அதற்கு மேலே, வெள்ளைக் கோட்டின் கைக்குள்ளிருந்து, சாம்பல் நிற ஜாக்கெட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. காலை மழையில், கொடியில் கிடந்த அவளுடைய ஸ்வெட்டர் நனைந்துவிட்டது; குளிர் அறையாயிற்றே என்று கணவரின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். குனியும்போதெல்லாம் அந்த விளிம்பு குப்பியின் வாய்க்கு மேலே தொங்கியிருக்கிறது.

“பழைய வாசனையா இருக்கும்,” என்றான் ஒல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.”

அதைத் துவைக்கிறவளும் அவள்தான்.

அவள் நடைவழிக்குப் போய் ஜாக்கெட்டைக் கழற்றிக் கழிவுப் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டினாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். “ஃப்ரிட்ஜ்ல அவரோட ரெண்டாவது குப்பி இருக்கு. திறக்காதது. நீ எடு. நான் கிட்ட வரமாட்டேன்.”

ஒல்லி கோட்டை மாற்றி, கையுறை மாட்டி, முகத்தை மூடி, திருடப் போகிறவன் மாதிரி அடிமேல் அடி வைத்தான். முதலில் தண்ணீர். பிறகு ஓட்டுநர்.

தண்ணீர் சுத்தம்.

அடுத்த கோடு மெல்ல நகர்ந்தது. நிக்கோட்டின் வரும் நேரம் வந்தது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தாள். கோடு அசையவில்லை. கோட்டினின் நேரமும் வந்து போனது. ஒன்றும் எழவில்லை.

நாலு அடிக்கச் சற்று முன்பு அவள் மருத்துவரை அழைத்தாள். “இல்ல டாக்டர். ரெண்டுமே இல்ல.”

“முதல்ல இருக்குன்னீங்களே?”

“அது என்னோடது. அறிக்கையில எழுதித் தரேன்.”

நடைவழியில் ஓட்டுநரின் மனைவி எழுந்து நின்றாள். ஆய்வாளர் சொன்னதைக் கேட்டதும் அவள் கணவரின் தோளில் ஒரு தட்டு தட்டினாள். “நான் சொன்னேன்ல? எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் ஆய்வாளர்.

ஓட்டுநர் பேச மூச்சில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு வேகமாக நகர்ந்தாள்.

வாசலில் மழை விடவில்லை. கைப்பேசி ஒலித்தது. கணவர்.

“கிளம்பிட்டியா? இங்க கொட்டுது. நல்லவேளை என் ஜாக்கெட் போட்டிருக்க.”

“போடல.”

“ஏன்?”

“பையில போட்டு வாயைக் கட்டி வெச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து பேசலாம்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. “எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றார்.

“மூணு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு அவள் நனைந்துகொண்டே நடந்தாள்.