இடது கைப் பிடி

மோதிர விரல் ஆள்காட்டி விரலைவிட நீளமாக இருந்தால்தான் பிடியில் வலு இருக்கும் என்று கோச் இராமகிருஷ்ணன் எங்கேயோ படித்திருந்தார். விருதுநகரில் அவர் நடத்திய பெண்கள் கபடி அணிக்கு ஆள் எடுத்த அன்று, பிளாஸ்டிக் ஸ்கேலோடு நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களின் வலது கையை விரிக்கச் சொல்லி அளந்தார்.

எம். புதுப்பட்டி பாண்டிச்செல்விக்கு மோதிர விரல் குட்டை.

"போயிட்டு வா தாயி. இந்தக் கையில பிடி நிக்காது."

"சார், நான் இடதுகைக்காரி. ஒரு தடவை ஆடவிட்டுப் பாருங்க."

"எந்தக் கையா இருந்தா என்ன? திரி செருகுத கைதானே!"

வரிசையே சிரித்தது. அவளும் அவள் அம்மா வேலுத்தாயும் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறவர்கள்தான். எம்புட்டு சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி அவள் கைரேகைகளில் மினுங்கியது. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்தக் கைகளைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தே வைத்திருந்தாள்.

ஆமத்தூர் அணியில் ஆள் பற்றாக்குறை. அங்கே யாரும் அவள் விரலைப் பார்க்கவில்லை. பாடி வருகிறவளின் காலைப் பிடிக்கிற கார்னரில் நிற்கச் சொன்னார்கள். வேலை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் குடத்தில் மணலை நிரப்பி, அதன் வாய் விளிம்பை இடது கை விரல்களால் மட்டும் கவ்வித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடப்பாள். விரல் நுனிகள் வெடித்து, ஆறி, காய்த்துப்போயின.

"ஏட்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் வேலுத்தாய்.

"ஓராளைப் பிடிக்கணும்மா."

அம்மா சிரித்தாள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.

மறு வருஷம் மாவட்ட இறுதி ஆட்டத்தில் ஆமத்தூருக்கு எதிராக இராமகிருஷ்ணனின் அணி வந்து நின்றது. அவருடைய அக்கா மகள் பானுப்பிரியாதான் அதில் பாடிப் போகிற பெரிய ரெய்டர். பாண்டிச்செல்வியின் வலது கை வரும் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்ட அவள், மறுபக்கத்திலிருந்து பாய்ந்த இடது கையைப் பார்க்கவேயில்லை. கணுக்கால் சிக்கியது. விசில் ஊதிய பிறகும் பாண்டிச்செல்வி விடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறுக்கினாள். பானுப்பிரியா அலறினாள். நடுவர் ஓடிவந்து பிரித்து, எச்சரித்தார்.

அடுத்த முறையும் அதே கால், அதே கை. மண்ணில் கவிழ்ந்து கிடந்த பானுப்பிரியா விம்மினாள்.

"அக்கா, நான் என்னக்கா செஞ்சேன்? அன்னைக்கு வரிசையில நானும்தான் நின்னேன். எனக்கும் விரல் குட்டைதான். மாமா அளக்காமலே எடுத்துக்கிட்டாரு."

பாண்டிச்செல்வியின் விரல்கள் தளர்ந்தன. அதற்குப் பிறகு அவள் பிடித்ததெல்லாம் ஆட்டத்துக்கான பிடிதான். ஆனால் கோபம் குறையவில்லை. போகவேண்டிய ஆளிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆமத்தூர் ஜெயித்தது. கை கொடுக்க வந்த இராமகிருஷ்ணன் அவள் முன்னால் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பிரமாதமா பிடிச்சம்மா! இம்புட்டு நாளா எங்கன இருந்தே?"

அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நீட்டிய வலது கையை விட்டுவிட்டு, தன் இடது கையை நீட்டினாள். அவரும் சிரித்தபடியே கையை மாற்றிக் கொடுத்தார்.

"எம். புதுப்பட்டி சார். திரி செருகுத கை."

பிடித்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"விடும்மா... ஏ, விடு!"

"அக்கா மக கைய ஏன் சார் அளக்கல?"

அவர் தோள் சரிந்தது, முழங்கால் மடங்கியது. கூட்டமெல்லாம் பார்க்க, தோற்ற அணியின் பெண்களெல்லாம் பார்க்க, அவர் மண்ணில் மண்டியிட்டு "வலிக்குது தாயி" என்று கெஞ்சியதைக் காதாரக் கேட்ட பிறகுதான் விட்டாள்.

அவர் விரலெலும்பில் கீறல் விழுந்திருந்தது. ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று மாவட்டக் கபடிக் கழகத்தார் அவளுக்குத் தடை போட்டார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டால் குறைப்பதாகவும் சொன்னார்கள்.

"கேக்க மாட்டேன்" என்றாள்.

"சாதிச்சிட்ட. இனி ஆட்டத்துக்கு என்னட்டி செய்வே?" என்று வேலுத்தாய் வைதாள். சாயங்காலமானால் ஆமத்தூர் மைதானத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே குத்தவைத்துத் தோழிகள் ஆடுவதைப் பார்ப்பாள். யாராவது காலைத் தவறவிட்டால் உடம்பு துடிக்கும். ஆனாலும் அந்த மனுஷனிடம் போய் நிற்கலாம் என்று ஒரு பொழுதும் அவளுக்குத் தோன்றவில்லை.