எதிர்வீட்டு ஜன்னல்

கின்னேர்ட் வீட்டில் பிளாஸ்டிக் ஜன்னல் வந்துவிட்டதாம். எடின்பரோவின் அந்தத் தெரு முழுக்க இதே பேச்சு. கிளப்பிவிட்டவர் எதிர்வீட்டு கிரைட்டன். புராதன வீடுகளைக் காக்கும் தெருச் சங்கத்தின் தலைவர். அந்த வீடுகளில் பிளாஸ்டிக் ஜன்னல் கூடாது என்பது விதி. பேச்சோடு நிற்காமல் நகராட்சியிலும் புகார் கொடுத்திருந்தார்.

கேட்ட நாளிலிருந்து லாக்லன் கின்னேர்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாத்தா வாங்கிய வீடு. மேலும் கீழும் சறுக்கித் திறக்கும் அந்த ஜன்னல்களின் மரச் சட்டங்களை இதுவரை யாரும் மாற்றியதில்லை. மனைவி எல்ஸ்பெத்துக்கோ நெஞ்சுச் சளி. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். "பேசாம பிளாஸ்டிக் போட்டுடுங்கப்பா" என்று சொன்ன மகனிடம் லாக்லன் பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தப் பேச்சு கிளம்பும் முன்பே, எல்ஸ்பெத்துக்காக முறையாக அனுமதி வாங்கியிருந்தார். பழைய சட்டங்களையே கழற்றிச் செப்பனிட்டு, இடுக்கெல்லாம் காற்றுத் தடுப்புப் பட்டை பதித்து, மெல்லிய இரட்டைக் கண்ணாடி பொருத்தினார். புதுக் கண்ணாடியின் கனத்துக்கு ஈடாகச் சுவருக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகளைக்கூட மாற்றினார். இத்தனையும் செய்தவரைப் பார்த்தா பிளாஸ்டிக் என்பது?

நகராட்சியிலிருந்து ஐலா என்ற பெண் அதிகாரி பார்வையிட வந்தாள். அக்கம்பக்கத்தார் நாலு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். லாக்லன் டை கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்.

"கண்ணாடி தட்டையா மின்னுதுன்னு புகார்ல இருக்கு, சார். பழைய கண்ணாடின்னா பிம்பம் நெளியுமாம்."

"கண்ணாடி புதுசுதாம்மா, நான் இல்லேங்கலையே. சட்டத்தைத் தட்டிப் பாருங்க. என் தாத்தா காலத்துப் பைன் மரம்."

அவள் தட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்த எல்ஸ்பெத் கீழ்ச்சட்டத்தை ஒற்றைக் கையால் தூக்கினாள். கயிறு ஓட, சட்டம் சத்தமில்லாமல் மேலே ஏறியது.

"மரமேதான். அனுமதியில இருக்கற மாதிரியே செஞ்சிருக்கீங்க" என்றாள் ஐலா.

எதிர்வீட்டு மாடியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கிரைட்டனுக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷமாகத் திறக்காத ஜன்னலை ஆத்திரத்தில் ஒரு தள்ளு தள்ளினார். "மேல மரமெல்லாம் ஏமாத்து வேலை! கீழ பாரும்மா, கீழ!"

ஜன்னல் மேலே ஏறவில்லை. தபால் பெட்டி மூடிபோல அடிப்பக்கம் தெருவை நோக்கி விரிந்து வந்து நின்றது. விளிம்பில் பளபளவென்று வெள்ளைப் பிளாஸ்டிக்.

வாசலில் நின்ற பக்கத்துவீட்டு மக்ராத் அம்மா சொன்னாள்: "அடடே, தலைவர் வீட்டு மரம் வெளிய பார்த்துப் பூத்திருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். லாக்லன் சிரிக்கவில்லை. கிரைட்டனையே நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க தாத்தா பேரைத் தெருவுல இழுத்தீங்க, மிஸ்டர் கிரைட்டன். அதே தெருவுக்கு இறங்கி வந்து மன்னிப்புக் கேளுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

ஐலா தொண்டையைச் செருமினாள். "அந்த ஜன்னலைப் பத்தி நீங்க புகார் தர்றீங்களா, சார்?"

"எங்க குடும்பத்துல யாரும் அண்டை வீட்டுக்காரனைப் பத்திக் கோள் சொன்னதில்ல. உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே."

அவர் நின்றுகொண்டே இருந்தார். எல்ஸ்பெத் கோட்டில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வாசல் தாழ்ப்பாள் மெல்ல விலகும் சத்தம் கேட்டது.