மஞ்சள் ஏறிய உப்பு

"மேடம், கடைசி சாம்பிள். பாத்து மார்க்கு போடுங்க" என்று லோகு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தான். லேபுக்குள் வந்தால் மனைவியை மேடம் என்றுதான் கூப்பிடுவான். கல்யாணமாகி எட்டு மாதமாகியும் அந்தக் குறும்பு போகவில்லை.

பிரின்சி சிரித்தபடியே கவரைப் பிரித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. உப்பில் மஞ்சள் ஏறியிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தச் சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைக் கொதிக்கவைத்து, ஆவியாக்கி, அதிலிருக்கும் உப்பை மீட்டெடுப்பது லோகுவின் வேலை. வெள்ளையாக வந்தால் உப்பு மறுபடி சாயத்துக்கே போகும். இந்த முறையும் தேறாவிட்டால் பிரிவையே மூடிவிட்டு, ஆட்களைக் குஜராத் ஆலைக்கு அனுப்பப்போவதாக மேனேஜர் ஜனார்தனன் சொல்லியிருந்தார். லேப் ஆட்களுக்கு அங்கே இடமில்லை.

"எம்.எல். வடிச்சியா?"

உப்பு பிரிந்தபின் மிஞ்சும் கலங்கல் நீரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அழுக்கெல்லாம் அதில்தான் சேரும். டிரம்மில் வடித்து ஒதுக்கிவிட வேண்டும்.

"இல்ல. திருப்பி டேங்க்லயே வுட்டேன்" என்றான் லோகு. "அதுலயும் உப்பு கீதே பிரின்சி. மூட்டை அதிகமாச்சுன்னா மூட மாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

போன வாரம் ரெண்டு மூட்டை கூட வந்ததென்று அவன் வீட்டில் பெருமையடித்தபோதே, எப்படி என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவன் முகம் அத்தனை மலர்ந்திருந்தது. கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

உப்பைத் தண்ணீரில் கரைத்தாள். வடிகட்டினாள். மறுபடி வடிகட்டினாள். மஞ்சள் அசையவில்லை.

"பாஸ்னு எழுதிடட்டா?" என்றாள்.

"எழுதினா? சாயத்துல போட்டதும் நீலத்துணி பச்சையா வந்து நிக்கும். உன் வேலையும் பூடும்." பேனாவை எடுத்து அவள் விரல்களுக்கிடையே வைத்தான். "நீயே எழுது. வேற எவனோ எழுதி நான் படிக்கணுமா?"

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

லோகு தாளை மடித்துக்கொண்டான். "நானே குடுத்துட்டு, குஜராத் லிஸ்ட்டுல பேரும் சொல்லிட்டு வரேன்."

"அங்க லீவு எத்தினி வாட்டி வுடுவாங்க?" என்று பிரின்சி கேட்டாள்.

"வருசத்துக்கு ரெண்டு."

"பதினைஞ்சு நாளா?"

"பத்து."

அவள் பீக்கரைக் கழுவத் திரும்பினாள். அவன் படியிறங்கும் சத்தம் கேட்காதபடி குழாயை முழுவதும் திறந்துவிட்டாள்.